இருபத்தைந்தாவது பெயர்

பத்தொன்பது வருஷமாக ஒருத்தி என் தலைக்கு மேலே நடக்கிறாள். பெயர் நூர் நிஷா. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீடு கீழே ஒரு ரூம், மேலே ஒரு ரூம். கீழே நானும் என் மகன் ஆதித்யனும், மேலே வாடகைக்கு அவள். மேலே போக வெளியில் ஒரு இரும்பு ஏணி, பதினோரு படி. நடுவில் இருப்பது வெறும் பலகைதான். அவள் எழுந்தால் எனக்கு விழிப்பு வரும். அவள் இருமினால் நான் திரும்பிப் படுப்பேன். கூடப் பிறந்தவளின் இருமலைக்கூட நான் இத்தனை கேட்டதில்லை.

நான் மாடத்தி. பால்வாடி டீச்சராக இருந்து போன வருஷம்தான் வீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நூர் நிஷாவைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு கனத்தே கிடக்கும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அவளுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். புருஷன் ஷேக் பரீத் இங்கே தோல் பைப் பட்டறையில் கட்டிங் வேலை பார்த்தார். மகள் ஷைஸ்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் என் வாசலில் வந்து நின்றபோது பிள்ளைக்கு ஆறு வயது. இப்போது ஷைஸ்தா கல்யாணமாகி நவி மும்பைப் பக்கம் நெருளில் இருக்கிறாள். ஷேக் பரீத் எட்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். இவள் மட்டும் மேலே. பட்டறையிலிருந்து பர்ஸ்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, ஓரத்து நூலை வெட்டிப் பசை தடவி மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அவளுடைய ஆதார் இன்னும் கடையநல்லூர் முகவரியில்தான் இருக்கிறது. மாற்றணும் மாற்றணும் என்று ஷேக் பரீத் சொல்லிக்கொண்டே இருந்தார். மாற்றுவதற்கு வீட்டுக்காரி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த வீட்டுக்காரி நான்தான். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லியே வருஷங்களை ஓட்டிவிட்டேன். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ரூம் என்னுடையது என்று நிற்பாளோ என்ற பயம் எனக்கு.

மேலே ஏணி முடிகிற இடத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தகரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் எண்ணெய் டின், பெயிண்ட் டப்பா, கைப்பிடி உடைந்த குக்கர் என்று பதினான்கு ஏனங்களில் செடி வைத்திருந்தாள். புதினா, மிளகாய், கறிவேப்பிலை, மணத்தக்காளி. தண்ணீர் வருகிற இரண்டு மணி நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுகிறவள், அதிலும் ஒரு செம்பு செடிக்கு ஊற்றுவாள்.

"ஏட்டி, குடிக்கவே தண்ணி காண மாட்டேங்கு. இதுல செடிக்கு வேறயா?" என்று நான் கீழேயிருந்து கத்துவேன்.

"ஒங்களுக்குக் கொழம்புல கறிவேப்பிலை வேண்டாம்னு சொல்லுங்க, நிறுத்திருதேன்" என்பாள்.

இப்போது என் அசிங்கத்தைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், குடிசைகளை இடித்து பில்டிங் கட்டி ரூம் கொடுப்பதற்குக் கணக்கெடுக்க எங்கள் தெருவுக்கு சர்வேக்காரர்கள் வந்தார்கள். வீட்டை அளந்து, கதவில் நம்பர் எழுதி, காகிதத்தைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மாசம் முன்பே தெருவில் ஆளுக்கொரு பேச்சு. கீழே இருப்பவர்களுக்கு ஒரு கணக்காம், மேலே இருப்பவர்களுக்கு வேறு கணக்காம். மேலே வேறு குடும்பம் இருந்தால் அந்த ரூம் நம் கணக்கில் சேராதாம். எது நிஜம், எது புரளி என்று எவனுக்கும் தெரியாது.

அந்த நேரம் ஷைஸ்தாவுக்குப் பிரசவம். நூர் நிஷா நாற்பது நாள் நெருளுக்குப் போய்விட்டாள். ஆதித்யன் சொன்னான், "அம்மா, இதான் சான்ஸ். மேல சாமான் ரூம்னு சொல்லிரு. சிம்பிள்." நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான். பிறகு நானே ஏணியில் ஏறி அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பாயைச் சுருட்டினேன். பழைய கட்டில் சட்டத்தையும் மூட்டைகளையும் மேலே ஏற்றினோம். சாமான் ரூமில் யாராவது புதினா வளர்ப்பார்களா? பதினான்கு டப்பாவையும் ஆதித்யன் இறக்கிக்கொண்டுபோய்ப் பொதுக் கக்கூஸுக்குப் பின்னால் கச்ரா, குப்பை கொட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தான். சர்வேக்காரன் மேலே எட்டிப் பார்த்தான், "ஸ்டோர்?" என்று கேட்டான், நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

அவள் திரும்பி வந்தபோது சாமானையெல்லாம் இறக்கி, பாயை விரித்து வைத்திருந்தேன். டப்பாவை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டோம்.

"அக்கா, என் செடியெல்லாம் எங்கன?"

"தண்ணி ஒழுகி என் கூரையெல்லாம் ஊறிப் போச்சுட்டி. பின்னால வெச்சிருக்கேன்."

அவள் பின்னால் போனாள். எட்டு டப்பா காய்ந்து கிடந்தது. ஆறு பிழைத்திருந்தது. ஒரு டின் சாய்ந்து, அதிலிருந்த புதினா கச்ராவுக்குள்ளேயே வேர் விட்டுப் பரவியிருந்ததாம். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "அக்கா, அங்க வெயில் நல்லா விழுது" என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. சந்தேகமே படவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டப்பாக்களை அவள் மேலே ஏற்றவில்லை. அங்கேயே வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சுற்றியிருந்த குப்பையைத் தினமும் ஒரு கோணி நிறைய அள்ளி வண்டியில் போட்டாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியபின் ஒரு நாள் குப்பை லாரியோடு வந்த வார்டு ஆபீஸ் மேடம் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று மராத்தியில் கேட்டார். நூர் நிஷா பயந்துபோய் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். திட்டத்தான் போகிறார் என்று நானும் நினைத்தேன். அந்த மேடம் திட்டவில்லை. இருபத்தைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் இந்த இடத்தைத் தெருவுக்கே தோட்டமாக விடுவதற்கு எழுதிப் போடுகிறேன், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். இல்லாவிட்டால் டெம்போ நிறுத்த இடம் கேட்டு வேறு ஒரு மனு ஏற்கெனவே வந்திருக்கிறதாம்.

பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவளைப் பார்க்க வேண்டுமே! பிடித்தால் பிடித்த பிடி. காலையில் பட்டறை மூட்டை, மத்தியானம் தோட்டம். மணிக்கொரு தடவை போய், நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துச் செங்கல் வைத்துவிட்டு வந்தாள். கக்கூஸ் சுவரோரம் வெயிலே கிடையாது, அங்கே மக்குக் குழி. நடுவில் ஐந்து மணி நேரம் வெயில், அங்கே காய். மண்ணை நம்பாமல் ஒரு டப்பாவில் அள்ளி வெந்தயம் போட்டுப் பார்த்தாள். முளைத்தது மஞ்சளாக நின்று மூன்றாம் நாள் சாய்ந்துவிட்டது. ஒரு முழம் தோண்டினால் தோல் துண்டும் பிளாஸ்டிக்கும்தான், வேறு என்ன வளரும்? "தரையில வேண்டாம். டிரம்மப் பாதியா வெட்டி, வெளியில இருந்து மண்ணு கொண்டாருவோம்" என்று அவளே முடிவு செய்தாள். எந்த வீடு எந்தக் கிழமை அரிசி கழுவின தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பதுவரை பேசி வைத்துவிட்டாள்.

எல்லாம் சரி, கையெழுத்து வேண்டுமே! எங்கள் தெருவில் போய் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, பெயரும் ரூம் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போடு என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவார்கள். எதற்குச் சம்மதம் வாங்குகிறார்களோ, எந்த பில்டிங்குக்கோ என்று பயம். முதல் மூன்று நாளில் கிடைத்தது நான்கு பெயர். அதில் ஒன்று நான், ஒன்று மளிகைக் கடை சங்கரநாராயணன் அண்ணாச்சி. மனுவை எழுதிக் கொடுத்ததே அவர்தான். ஆபீஸ் ஃபாரம் மாதிரி கட்டம் போட்டு, பெயர், ரூம் நம்பர், கீழா மேலா, எத்தனை வருஷம், கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார்.

அந்த 'கீழா மேலா' கட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாளிலிருந்து அவள் வேறு மாதிரி போனாள். தாளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டி, "ஒங்களுக்கு ஒரு டிரம் கிடைச்சா என்ன போடுவீக?" என்று மட்டும் கேட்டாள். யாருக்குத்தான் ஆசை இல்லை? ஒருத்தி தக்காளி என்றாள். ஒருவர் செடியே வேண்டாம், பேப்பர் படிக்க ஒரு பெஞ்சு போடு என்றார். ஒருத்தி வத்தல் காயப்போட இடம் கேட்டாள். சொன்னதையெல்லாம் அவர்கள் எதிரிலேயே பெயருக்குப் பக்கத்தில் எழுதுவாள். தன் தக்காளி எழுத்தில் ஏறிவிட்டதைப் பார்த்தபிறகு ஜனங்களுக்குக் கை தானாக நீளுகிறது. பத்து ஆனது, பதினாறு ஆனது, புதன்கிழமை இருபத்துநாலு ஆனது. எனக்கு ஒரு பக்கம் பெருமை. மறு பக்கம் ஒவ்வொரு பெயர் ஏறும்போதும் உள்ளே உதறல். எல்லோரையும் சேர்த்தவள் தன் பெயரை எழுதாமலா இருப்பாள்? எழுதினால் என் ரூம் நம்பரில் 'மேல்' என்று ஒரு குடும்பம் அரசாங்கக் காகிதத்தில் ஏறும். சாமான் ரூம் என்று நான் தலையாட்டினது பொய் என்று வெளியே வரும். தோட்டமே நின்று போகட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மீதி வீடுகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. அண்ணாச்சி தாளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார்.

"இருபத்தி நாலு. ஒண்ணு கொறையுது. யம்மா நூர் நிஷா, ஊரையெல்லாம் சேத்துட்ட. ஒம் பேரு எங்க?"

"மாடத்தியக்கா பேரு இருக்குல்லா அண்ணாச்சி. அது போதும்."

"அது கீழ் வீடு. நீ மேல் வீடுல்லா? எழுதும்மா, முடிஞ்சிரும்."

அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. கடை மேஜையில் சிந்திக் கிடந்த பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மேல வீடு இல்ல அண்ணாச்சி. சாமான் ரூம். சாமான் எங்கயாவது கையெழுத்துப் போடுமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து வைக்கிற மாதிரி உள்ளே எழுந்து போய்விட்டார்.

"ஏட்டி... ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே தெரியும். எதுத்த வீட்டுல மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர் எழுதியிருக்கு. பக்கத்து வீட்டுலயும் ரெண்டு. நம்ம வீட்டுல ஒண்ணுதான். எனக்குப் படிக்கத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? என்னை நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீக. அப்புறம் நான் எங்கன போக? கேக்காம இருந்தாத்தான் ஏணி ஏறிப் போய்ப் படுக்க முடியும்." இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. "தெனமும் ஏறும்போது பயமாத்தான் இருக்கும். இன்னைக்குப் பூட்டு மாத்தியிருப்பாங்களோ, இன்னைக்கு மாத்தியிருப்பாங்களோன்னு."

இரண்டு வருஷம். நான் கீழே படுத்துக்கொண்டு, இவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். அவள் மேலே படுத்துக்கொண்டு, பூட்டு மாறிவிடுமோ என்று பயந்தாள். என் மேல் எனக்கே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அண்ணாச்சியின் பேனாவை எடுத்தேன். இருபத்தைந்தாவது கட்டத்தில் நானே எழுதினேன்: நூர் நிஷா, என் வீட்டு நம்பர், மேல், பத்தொன்பது வருஷம். எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"போடு."

"ஆதித்யன் கேட்டா?"

"அவனுக்கு நான் அம்மாவா, அவன் எனக்கு அப்பனா? போடுட்டி."

தமிழில் கையெழுத்துப் போட்டாள். மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

வீட்டில் ஆதித்யன் ஆடின ஆட்டத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. "ரெண்டு பேப்பரையும் எவனாவது பக்கத்துல வெச்சுப் பாத்தான்னா? மேல் ரூமும் போவும், கீழ் ரூமும் போவும். சம்ஜா க்யா? புரியுதா? ஒரு புதினாவுக்காக ரோட்டுல நிப்பியா? கிழிச்சுப் போடும்மா!" என்றான். முப்பது வருஷத்து வீடு. அவன் அப்பா பிரம்மநாயகம் ஒவ்வொரு தகரமாக வாங்கிப் போட்டுக் கட்டினது. நான் தாளைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், கிழித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஒரு தடவை இல்லை, பல தடவை தோன்றியது. உறைக்குள் கையை விட்டு விட்டு எடுத்தேன்.

விடிந்ததும், மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டுமென்று அவளை அவசரப்படுத்தினேன். வார்டு ஆபீஸில் பதினோரு மணிவரை நின்றோம். மேடம் தாளை வாங்கிப் புரட்டினார். அவர் கண் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. கடைசி வரியில் நிற்கப் போகிறார், என்னைக் கேட்கப் போகிறார் என்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் நிற்கவில்லை. இருபத்தைந்து என்று எண்ணி முடித்து, நாங்கள் கொண்டுபோயிருந்த நகலில் முத்திரை குத்தி, தேதி போட்டு நீட்டினார். தோட்டம் கிடைக்குமா என்று நான் ஹிந்தியில் கேட்டேன். "பகூயா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த வார்த்தையின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

வெளியே வந்ததும் நூர் நிஷா முத்திரை குத்தின நகலை என்னிடமிருந்து வாங்கி, வெயிலில் பிடித்து, கடைசி வரியைப் படித்தாள். வாய் அசைந்தது. பெயர், நம்பர், மேல், பத்தொன்பது வருஷம். இந்த மும்பையில் அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்கிற காகிதம் அது ஒன்றுதான். தோட்டம் வருகிறதோ இல்லையோ, முத்திரை விழுந்துவிட்டது.

"அக்கா, ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றாள்.

எதிரிலேயே கடை இருந்தது. இரண்டு எடுத்தாள். ஒன்றை அண்ணாச்சிக்கு என்று என்னிடம் தந்தாள். இன்னொன்றையும் முத்திரை குத்தின நகலையும் நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அத என்கிட்டத் தா. பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன்" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன்.

அவள் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. நான் இப்படியே ரயில் ஏறி நெருள் போயி ஷைஸ்தாகிட்டக் குடுத்துட்டு வந்துருதேன். ஒங்க வீட்டுல வேண்டாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி அந்தத் தலையணை உறைக்குள் போய்ப் போய் வந்தது என் கைதானே. "சரிட்டி, போயிட்டு வா" என்று சொல்லி ஸ்டேஷன் வரைக்கும் அவள் கூடவே நடந்தேன்.